பைக் கம்பெனி போருக்குப் போனால் என்ன செய்யும்?

பழைய ராயல் என்ஃபீல்டு சின்னத்தில் சக்கரம் வைத்த குட்டிப் பீரங்கி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். கூடவே ‘மேட் லைக் எ கன்’ என்று எழுதியிருக்கும். துப்பாக்கியைப் போலச் செய்தது என்று பொருள். வண்டி கெட்டியானது என்று காட்ட விளம்பரத்துக்காக எழுதிய வரி என்றுதான் நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வரிக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு துப்பாக்கி ஆர்டர் இருக்கிறது என்று.

இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பகுதியில் ரெட்டிச் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர் அது. அங்கே ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவரின் ஊசிக் கம்பெனி ஒன்று மெல்ல சைக்கிள் பாகங்களுக்கும் சைக்கிளுக்கும் மாறியது. 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளிலேயே மிடில்செக்ஸில் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான ரைஃபிள் பாகங்கள் செய்து கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரையே தங்கள் சைக்கிளுக்கு வைத்துக்கொண்டார்கள். 1893இல் முன்னால் ‘ராயல்’ சேர்ந்தது. முதல் மோட்டார் சைக்கிள் வந்தது 1901இல். ஆக, பைக் வருவதற்கு முன்பே ராணுவ வேலை வந்துவிட்டது.

போர்க்காலத்தில் ஒரு பைக் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், “அதே பைக்கைப் பச்சை பெயின்ட் அடித்து நிறையச் செய்யும்.” அது உண்மையில் ஒரு சின்னத் துண்டுதான். வண்டியே வேறு மாதிரி ஆகிறது. பல நேரம் தொழிற்சாலையில் செய்யும் பொருள் வண்டியாகவே இருப்பதில்லை. சில நேரம் தொழிற்சாலையே பூமிக்கு அடியில் போய்விடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ராயல் என்ஃபீல்டுக்கு இந்த மூன்றும் நடந்தன. அதனால் அதை வைத்தே விளக்குகிறேன்.

ராணுவத்துக்குப் பைக் எதற்கு?

சண்டை போடுவதற்கு அல்ல, முதன்மையாகச் செய்தி கொண்டுபோவதற்கு. முதல் உலகப் போரில் பக்கவாட்டுப் பெட்டியில் இயந்திரத் துப்பாக்கி பூட்டிய வண்டிகளை என்ஃபீல்டு செய்தது உண்மைதான். ஆனால் இரண்டு போர்களிலும் பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக்கின் அன்றாட வேலை தபால்காரர் வேலைதான். டெஸ்பாட்ச் ரைடர் என்பார்கள். அன்றைய கம்பியில்லாக் கருவிகள் கனமானவை, அடிக்கடி மக்கர் பண்ணுபவை. எதிரி ஒட்டுக்கேட்கவும் முடியும். தொலைபேசிக் கம்பி ஒரு குண்டு விழுந்தால் அறுந்துவிடும். அதனால் முக்கியமான உத்தரவு காகிதத்தில், ஒரு மனிதரின் தோள்பையில் போனது.

இன்னொரு வேலை, நூறு லாரி வரிசையாகப் போகும்போது முன்னால் ஓடிப்போய் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று வழி காட்டுவது. கடைசி லாரி கடந்ததும் மறுபடி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு அடுத்த சந்திப்புக்குப் பறக்க வேண்டும். இதை இரவில் செய்ய வேண்டும், அதுவும் ஹெட்லைட்டில் மூடி போட்டு. விமானத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியக்கூடாது என்று, மூடியில் சின்னக் கீற்றுதான் விட்டிருப்பார்கள். 1940இல், எதிரி இறங்கினால் வழி தெரியக்கூடாது என்று பிரிட்டனில் ஊர்ப்பெயர்ப் பலகைகளையும் கழற்றிவிட்டார்கள். பெயரில்லாத சாலை, வெளிச்சமில்லாத விளக்கு. கடற்படையின் பெண்கள் பிரிவிலிருந்தும் பலர் இந்த வேலை பார்த்திருக்கிறார்கள். இவர்களைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இப்போது 1940 ஜூனுக்கு வருவோம். டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தப்பித்தது. வண்டிகளை ஏற்ற இடமில்லை. பிரான்சில் விட்டுவிட்டு வந்தவற்றில் மோட்டார் சைக்கிள்கள் மட்டும் சுமார் 20,000. பைக் கம்பெனிகளின் கதவை ராணுவம் விடாமல் தட்டியது அதனால்தான். போர் முடிவதற்குள் பிஎஸ்ஏ கம்பெனி எம்20 என்ற ஒரே மாடலில் 1,26,000 வண்டி செய்தது. நார்ட்டன் ஒரு லட்சத்தை நெருங்கியது. என்ஃபீல்டு 125 சிசியிலிருந்து 570 சிசி வரை பல அளவுகளில் செய்து கொடுத்தது.

ராணுவ வண்டி எதில் வேறுபடுகிறது?

சொந்த வண்டி என்றால் அதன் குணம் நமக்குத் தெரியும். எத்தனை உதையில் ஸ்டார்ட் ஆகும், எந்தக் கியரில் அடம் பிடிக்கும் என்று கை, காலுக்குப் பழகியிருக்கும். ராணுவ வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்று ஒருவர் ஓட்டுவார், நாளை இன்னொருவர். அவர் பைக்கே ஓட்டிப் பழகாமல், போன மாதம்தான் பயிற்சி முடித்தவராகவும் இருக்கலாம். பழுதானால் மழையில், சேற்றில், கையில் இருக்கும் நான்கைந்து ஸ்பேனரை வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதனால் ராணுவம் வேகத்தைக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஆள் தொட்டாலும் ஓடுகிற வண்டியைக் கேட்டது.

சைடு வால்வ் இன்ஜினை ராணுவம் விரும்பியதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து வருவதற்கு ஒரு வாசல், எரிந்த புகை போவதற்கு ஒரு வாசல். இந்த வாசல்களைத் திறந்து மூடும் கதவுதான் வால்வ். இப்போதைய வண்டிகளில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, ஹெட்டில் இருக்கும். இதுதான் ஓவர்ஹெட் வகை. சைடு வால்வில் அவை சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். மேலே இருப்பது வெறும் மூடி. சில போல்ட்டுகளைக் கழற்றினால், டப்பா மூடியைத் திறந்த மாதிரி ஹெட் கையோடு வந்துவிடும். உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, திரும்ப மூடிவிட்டுப் போகலாம். உள்ளே அழுத்தமும் குறைவு என்பதால் மட்டமான பெட்ரோலையும் குடித்துக்கொண்டு ஓடும். போர்க்காலத்தில் கிடைத்ததும் அந்த மாதிரிப் பெட்ரோல்தான்.

பதிலுக்கு, இழுவை குறையும். பிஎஸ்ஏ எம்20 கிட்டத்தட்ட 500 சிசி, ஆனால் அதன் சக்தி 13 குதிரைத்திறன்தான். இன்றைய 125 சிசி வண்டிகளே அதை எட்டிப் பிடிக்கின்றன. என்ஃபீல்டு முதலில் 350 சிசியில் சைடு வால்வ் வண்டி கொடுத்தது, பிறகு அதே அளவில் ஓவர்ஹெட் வால்வ் வைத்த டபிள்யூடி/சிஓ மாடலைக் கொடுத்தது. பெயரில் வரும் ‘டபிள்யூடி’ என்பது போர்த்துறையைக் குறிக்கும் எழுத்துகள்.

பாலைவனத்துக்குப் போகிற சில வண்டிகளுக்கு டேங்கின் மேலேயே பெரிய காற்று வடிகட்டிப் பெட்டி ஒன்றை உட்கார வைத்தார்கள். மணல் இன்ஜினுக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சிலிண்டரைத் தின்றுவிடும். டேங்கின் பக்கவாட்டில் ‘சி’ எழுத்தில் தொடங்கும் ராணுவ எண். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பை மாட்டும் இரும்புச் சட்டம். மினுக்கும் குரோமியம் எங்கும் இல்லை. வெயில் பட்டுப் பளிச்சிட்டால் தூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கைப்பிடியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போரின் பிற்பாதியில் வந்த பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் ஹேண்டில்பாரின் பிடி ரப்பராக இருக்காது. கித்தான் துணி சுற்றியிருப்பார்கள். கால் வைக்கும் இடத்தில் ரப்பரே இல்லாமல் வெறும் இரும்பு. காரணம் மலாயாவில் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தன. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம் போன்ற நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். அவர்கள் வெட்டிய பால் நின்றுபோன கணக்கு, எங்கோ இங்கிலாந்தில் ஒரு பைக் கைப்பிடியில் துணியாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அலுமினியமும் அப்படித்தான். விமானத்துக்கு அது வேண்டும் என்பதால், பைக்கில் முடிந்த இடத்தில் எல்லாம் இரும்புக்கு மாறினார்கள்.

பறக்கும் தெள்ளுப்பூச்சி

இனி எனக்கு மிகவும் பிடித்த வண்டி. பெயர் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’, பறக்கும் தெள்ளுப்பூச்சி. ராணுவப் பெயர் டபிள்யூடி/ஆர்இ. 125 சிசி, டூ ஸ்ட்ரோக், மூன்று கியர். கியரைக் காலால் அல்ல, டேங்க் ஓரத்தில் உள்ள நெம்புகோலைக் கையால் தள்ளி மாற்ற வேண்டும். எடை சுமார் 60 கிலோ. இன்றைய புல்லட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இது ஜெர்மானியக் குழந்தை. ஜெர்மனியின் டிகேடபிள்யூ கம்பெனி சிறிய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றைச் செய்துவந்தது. அதை நெதர்லாந்தில் விற்றவர்கள் ராட்டர்டாமைச் சேர்ந்த ஸ்டோக்விஸ் நிறுவனம். அதன் நிர்வாகத்தில் யூதர்கள் இருந்தார்கள் என்பதற்காக, 1938இல் நாஜி ஆட்சியின் நெருக்கடியில் அந்த விற்பனை உரிமை பறிக்கப்பட்டது. ஸ்டோக்விஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த வண்டியைக் காட்டி, இதே மாதிரி ஒன்று, இன்ஜின் மட்டும் கொஞ்சம் பெரிதாக, செய்து தர முடியுமா என்று ரெட்டிச்சில் கேட்டார்கள். டெட் பார்டோ என்ற என்ஃபீல்டு வடிவமைப்பாளர் வேலையைக் கையில் எடுத்தார். 1939 ஏப்ரலில் மாதிரி வண்டி ராட்டர்டாமில் காட்டப்பட்டது. சில மாதத்தில் போர் வந்துவிட்டது. அடுத்த வருடம் நெதர்லாந்தே ஜெர்மனியின் கையில். வாங்க நினைத்தவர்களுக்கு வண்டி போய்ச் சேர வழியில்லாமல் போயிற்று.

பிறகு, வானிலிருந்து குதிக்கும் படைகளை பிரிட்டன் உருவாக்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. பாராசூட்டில் இறங்குபவர் ஒரு வயலில், அடுத்த குழு மூன்று மைல் தள்ளி இன்னொரு வயலில் விழுந்திருப்பார்கள். இவர்களை எப்படி ஒன்று சேர்ப்பது? 170 கிலோ எம்20 வண்டியை வானிலிருந்து போட முடியாது. மூலையில் கிடந்த இந்தக் குட்டி வண்டி அப்போதுதான் கண்ணில் பட்டது.

இரும்புக் குழாயால் செய்த கூண்டு ஒன்றை மனதில் வைத்துப் பாருங்கள். அதற்குள் வண்டி நிற்கும். கூண்டின் அகலம் போதாது என்பதால் ஹேண்டில்பாரைத் திருகாணி தளர்த்தி, வண்டியின் நீளவாக்கில் திருப்பி வைக்கலாம். காலடிக் கட்டைகள் மடங்கும். மேலே பாராசூட். தரையில் விழும் அடியைக் கூண்டு வாங்கிக்கொள்ளும். ஆள் ஓடி வந்து கூண்டைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி முடுக்கி, கிக்கரை உதைத்துக் கிளம்பிவிடுவார். சத்தம் கேட்டு எதிரி திரும்பக் கூடாது என்று சைலன்சரிலும் தனி ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்க ஸ்பிரிங் கிடையாது, தடித்த ரப்பர் வளையங்கள்தான். வழியில் வாய்க்கால் வந்தால் இரண்டு பேர் தூக்கிக் கடந்துவிடலாம். வேலி வந்தால் அதையும் அப்படியே தாண்டலாம்.

பாராசூட்டுக்காகக் கூண்டு செய்தாலும், பெரும்பாலான தெள்ளுப்பூச்சிகள் கிளைடரில், அதாவது இன்ஜின் இல்லாத மர விமானத்தில், ஏற்றித்தான் கொண்டுபோகப்பட்டன. 1944 ஜூனில் நார்மண்டியிலும், செப்டம்பரில் ஆர்ன்ஹெமிலும் இறங்கின. ஆர்ன்ஹெம் இருப்பது நெதர்லாந்தில். ஜெர்மனியில் பிறந்து, நெதர்லாந்து வியாபாரிகளுக்காக ரெட்டிச்சில் மறுபடி பிறந்த வண்டி, ஐந்து வருடம் கழித்து அந்த நாட்டின் மண்ணில் ராணுவ உடையோடு வந்து இறங்கியிருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பைக்கே இல்லாத பைக் தொழிற்சாலை

1940 நவம்பர் 14 இரவு கோவென்ட்ரி நகரத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன. அங்கிருந்த ட்ரையம்ப் பைக் தொழிற்சாலை தரைமட்டமானது. ராணுவத்துக்கென்றே அவர்கள் புதிதாகச் செய்துகொண்டிருந்த 350 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளும் அதோடு போயின. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 19 அன்று, பர்மிங்காமில் பிஎஸ்ஏவின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலை மீது குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் இரவு ஷிப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

முட்டையெல்லாம் ஒரே கூடையில் இருக்கக் கூடாது என்பது அரசாங்கத்துக்குப் புரிந்தது. தொழிற்சாலைகளைப் பிரித்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். என்ஃபீல்டுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று வில்ட்ஷயரில், பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் பக்கத்தில், வெஸ்ட்வுட் என்ற இடத்துக் கல் சுரங்கம். கட்டடக் கல் வெட்டி எடுத்த பெரிய குகைகள். அதற்குள் லேத்தும் மில்லிங் மெஷினும் இறங்கின. அதே சுரங்கத்தின் இன்னொரு பகுதியில் பிரிட்டிஷ் மியூசியம் தன் புராதனப் பொக்கிஷங்களைக் குண்டுக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பல்லாயிரம் வருடப் பழைமை, அந்தப் பக்கம் ஷிப்டு மணி.

அங்கே செய்தவற்றில் முக்கியமானது விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிவைக்க உதவும் கருவி. பிரெடிக்டர் என்பார்கள், முன்கணிக்கும் கருவி. இது ஏன் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு விநாடியில் சுமார் 133 மீட்டர் போகும். கீழிருந்து சுட்ட குண்டு அந்த உயரத்துக்குப் போய்ச் சேர மூன்று விநாடி ஆகிறது என்றால், அதற்குள் விமானம் 400 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதாவது விமானத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு வெறும் வானத்தில்தான் போகும். விமானம் இன்னும் வராத இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். ஓடுகிற பஸ்ஸின் மேல் கல்லெறிந்து பார்த்த எந்தக் குறும்புப் பையனுக்கும் இது தெரியும். அந்தக் கணக்கை அவன் உள்ளுணர்வு போட்டது. பீரங்கிக்கு அதைப் போட்டுக் கொடுத்தது பல்சக்கரங்களாலும், கேம் எனப்படும் கோணல் வட்டத் தகடுகளாலும் ஆன இந்தக் கருவி. இன்று இருப்பது போன்ற கம்ப்யூட்டர் அன்றைக்குக் கிடையாது. ஒரு பல் மயிரிழை தேய்ந்திருந்தால் குண்டு எங்கோ போகும்.

ஒரு பைக் கம்பெனியிடம் அரசாங்கம் ஏன் இந்த வேலையைக் கொடுத்தது? நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்குத்தான். போர்க்காலத்தில் ராணுவம் ஒரு கம்பெனியிடம் வாங்குவது அதன் பொருளை மட்டுமல்ல. அங்கே இருக்கும் லேத், அளவுமானி, உருக்கை எத்தனை டிகிரியில் காய்ச்சினால் எத்தனை கெட்டியாகும் என்று தெரிந்த ஃபோர்மேன், மயிரிழை வித்தியாசத்தை விரல் நுனியில் உணரும் தொழிலாளி, இவ்வளவையும் சேர்த்துத்தான் வாங்குகிறது. ஊசி செய்த ஊர் அது. ஊசிக்குக் காது குத்திய கை சைக்கிள் செயினுக்குப் போனது, ரைஃபிள் பாகத்துக்குப் போனது, கியர்பாக்ஸுக்குப் போனது, கடைசியில் பிரெடிக்டருக்கும் போனது.

ஆனால் அந்தக் கைகளில் பல போர்முனைக்குப் போய்விட்டன. 1941 டிசம்பரில் பிரிட்டன் திருமணமாகாத இளம் பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு நாடு முழுக்கத் தொழிற்சாலைகளில் மெஷின் முன் நின்றவர்களில் பெண்கள் பெருமளவு. வருடக்கணக்கில் ஓர் உஸ்தாதிடம் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையை, சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் பொருளைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு சட்டமும் ஓர் அளவுமானியும் செய்து வைத்தால், சில வாரப் பயிற்சியில் அந்த ஒரு படியை ஒருவர் பிசகில்லாமல் செய்துவிட முடியும். பட்டறை, தொழிற்சாலை ஆவது இப்படித்தான். போர் அதை அவசர அவசரமாக நடத்திக் காட்டியது.

1945க்குப் பிறகு

போர் முடிந்ததும் ராணுவம் வண்டிகளை வரிசை வரிசையாக விற்றுத் தள்ளியது. காக்கிப் பெயின்ட்டின் மேல் கறுப்பு அடித்து, விளக்கு மூடியைக் கழற்றி, சாதாரணத் தொழிலாளிகள் வேலைக்கு ஓட்டிப் போனார்கள். தெள்ளுப்பூச்சியின் மூலமான டிகேடபிள்யூ வடிவமைப்பு, அடுத்து வந்த 125 சிசி மாடலின் வழியே, போர் இழப்பீடாக வென்றவர்கள் கைக்குப் போயிற்று. பிஎஸ்ஏவின் பேன்டம், ஹார்லியின் சின்ன வண்டி இரண்டும் அதிலிருந்து வந்தவைதான். வெஸ்ட்வுட் சுரங்கத்திலோ பிற்காலத்தில் பைக்கே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடிய பிறகும் அங்கே கொஞ்ச நாள் இன்டர்செப்டர் வண்டிகள் உருவாயின. 1970இல் அதுவும் நின்றது.

அதற்குள் இன்னோர் இடத்தில் கதை தொடங்கிவிட்டிருந்தது, அதுவும் ஒரு ராணுவ ஆர்டரில்தான். எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவற்றை ரெட்டிச்சிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. ஆர்டர் தொடரவே, இங்கேயே செய்தால் என்ன என்ற பேச்சு வந்து, 1955இல் இரு கம்பெனிகளும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து பாகங்களாகப் பெட்டியில் வந்தவற்றைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் மெஷின்களும் வந்தன. 1956 முடியும்போது அங்கிருந்து வெளியே வந்திருந்த புல்லட்டுகள் 163.